பெரிய டயர் போட்ட பிறகு ஸ்பீடோமீட்டர்: முள்ளை விடுங்கள், கிலோமீட்டரைப் பிடியுங்கள்

கேள்வி இது: "என் பிக்கப் டிரக்கில் கம்பெனி போட்டுக் கொடுத்தது 265/70 ஆர் 17 டயர். அதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர் 17 போட்டிருக்கிறேன். கணக்குப்படி முள் 100-இல் நிற்கும்போது வண்டி 103-க்கு மேல் போக வேண்டும் என்கிறார்கள். போனில் ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்தால் 98-தான் வருகிறது. எது தப்பு? ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்ய வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?"

கணக்கிலும் தப்பில்லை, ஜி.பி.எஸ்.ஸிலும் தப்பில்லை. பழைய டயர் இருந்த காலத்திலேயே உங்கள் முள் கூட்டித்தான் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூடுதலில் பெரும்பகுதியைப் புது டயர் தின்றுவிட்டது. அதனால்தான் முள் இப்போது யோக்கியன் மாதிரி தெரிகிறது. அதே டயர், வண்டி ஓடிய மொத்தக் கிலோமீட்டரை இதுவரை ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்த ஓடோமீட்டரைக் கெடுத்துவிட்டது. நீங்கள் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பிழை அதற்குக் கீழே இருக்கும் எண்களில் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் டயர் கணக்கை முடித்துவிடுவோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 17 ரிம், அங்குலத்தில். 265-இல் 70 சதவீதம் 185.5. ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 371. ரிம் 17 அங்குலம் என்றால் 431.8 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 802.8. உங்கள் புது டயருக்கு இதே கணக்கு 830.8 மி.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.035. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி முன்பைவிட மூன்றரை சதவீதம் கூடுதலாக நகர்கிறது. மீட்டருக்குச் சாலை தெரியாது. சுற்றை மட்டும்தான் எண்ணத் தெரியும். பழைய டயர்தான் இன்னும் இருக்கிறது என்ற நினைப்பிலேயே அது கணக்குப் போடுகிறது.

இப்போது முள்ளுக்கு வருவோம். ஸ்பீடோமீட்டருக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39 பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அதன் சாரம்: முள் உண்மையான வேகத்தைவிடக் குறைத்து ஒருபோதும் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தின் 10 சதவீதத்தோடு 4 கிலோமீட்டர் சேர்ந்த அளவுக்குள். அதாவது வண்டி நிஜமாக 100-இல் போனால் முள் 100 முதல் 114 வரை எங்கே நின்றாலும் சட்டப்படி சரி. 99-இல் நின்றால் தப்பு. இப்படி ஒருபக்கச் சாய்வாக விதி இருக்கும்போது தயாரிப்பாளர் என்ன செய்வார்? டயர் தேய்மானம், காற்று, உற்பத்தியில் வரும் சின்னச் சின்ன வித்தியாசம் எல்லாவற்றையும் யோசித்து முள்ளைச் சற்று மேலே தள்ளியே வைப்பார். உங்கள் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. 98-ஐ 1.035-ஆல் வகுத்துப் பாருங்கள், 95 வரும். பழைய டயரில் முள் 100 காட்டியபோது நீங்கள் போனது 95.

ஓடோமீட்டருக்கு இப்படிச் சாய்த்து வைக்கும் வழக்கம் இல்லை. கூட்டிக் காட்டினால் வண்டி ஓடாத கிலோமீட்டரை ஓடியதாகச் சொல்லும், உத்தரவாதக் கணக்கு முன்னதாகவே முடிந்துவிடும், வாங்கியவர் சண்டைக்கு வருவார். அதனால் முள் 5 சதவீதம் கூட்டிக் காட்டும் வண்டியிலும் ஓடோமீட்டர் பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் உண்மையாகவே இருக்கும். ஒரே சென்சாரிலிருந்து வரும் ஒரே தகவல்தான்; முள்ளுக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் ஊதிவிடப்படுகிறது.

இதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ரீடரைச் செருகி, என்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும் வேகத்தைப் போனில் பாருங்கள். பல வண்டிகளில் அந்த எண் முள்ளைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அது ஊதிவிடப்படாத எண். உங்கள் வண்டியிலும் அப்படி இருந்தால் முள் 100, கம்ப்யூட்டர் 95, ஜி.பி.எஸ். 98 என்று மூன்று எண்கள் கிடைக்கும். முதலுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் தயாரிப்பாளர் வைத்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ளது உங்கள் டயர் வைத்தது. நீங்கள் சரிசெய்ய வேண்டியது டயர் வைத்த வித்தியாசத்தை மட்டும்.

"முள்தான் சரியாக வந்துவிட்டதே, விட்டுவிடலாமே" என்று தோன்றும். வேகத்தைப் பொறுத்தவரை விடலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் நிஜமாக 1000 கிலோமீட்டர் ஓடினால் உங்கள் மீட்டர் 966 என்றுதான் சொல்லும். 10,000-க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறீர்கள் என்றால் உண்மையில் 10,350-இல் மாற்றுகிறீர்கள். டேங்க் நிரப்பி மைலேஜ் பார்த்தால் பெரிய டயர் மைலேஜைத் தின்றுவிட்டதாகத் தெரியும். அதில் மூன்றரை சதவீதம் வெறும் எண்ணும் பிழை. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் படுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. வண்டி கிலோமீட்டர் வாடகைக்கு ஓடுகிறது என்றால் நஷ்டம் நேரடியாகப் பையிலிருந்து போகும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்பதும், வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் எந்த வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதும் அதே கம்ப்யூட்டர் வேகத்தை வைத்துத்தான்.

எனவே சோதனையை ஓடோமீட்டரில் தொடங்குங்கள். டயரில் காற்றைச் சரியான அளவுக்கு, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது வையுங்கள். கிலோமீட்டர் கல் ஒழுங்காக நட்டிருக்கும், வளைவு குறைந்த நெடுஞ்சாலையாகப் பாருங்கள். ஒரு கல்லின் அருகே டிரிப் மீட்டரை (ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக எண்ணும் கிலோமீட்டர் எண்ணை) பூஜ்யமாக்கி, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல் வரை ஓட்டுங்கள். ஏன் 40? டிரிப் மீட்டர் 0.1 கிலோமீட்டர் வரைதான் காட்டும். 5 கிலோமீட்டரில் அந்த 0.1 என்பதே 2 சதவீதப் பிழை. 40-இல் அது கால் சதவீதம். தனித்தனிக் கல் முன்னே பின்னே நட்டிருக்கும் தப்பும் தூரம் கூடக் கூடக் கரைந்துவிடும். உங்கள் வண்டியில் டிரிப் மீட்டர் 38.6 அல்லது 38.7 காட்டும் என்று எதிர்பார்க்கிறேன். உண்மைத் தூரத்தைக் காட்டிய தூரத்தால் வகுத்தால் திருத்த எண் கிடைக்கும். 40-ஐ 38.65-ஆல் வகுத்தால் 1.035. கணக்கில் வந்த எண்ணும் சாலையில் வந்த எண்ணும் ஒன்றானால் உங்கள் ஓடோமீட்டர் முன்பு ஒழுங்காக இருந்தது என்று அர்த்தம். ஒன்றாகவில்லை என்றால் சாலையில் வந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கல் இல்லாத சாலை என்றால் ஜி.பி.எஸ். தூரத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: புள்ளி புள்ளியாக இடத்தைக் குறித்துக் கோடு போடுவதால் அது வளைவைக் குறுக்கே வெட்டும், சிக்னலில் நிற்கும்போது புள்ளி அங்குமிங்கும் தள்ளாடி ஓடாத தூரத்தையும் சேர்த்துக்கொள்ளும். நேரான சாலை, நிற்காத ஓட்டம் இருந்தால் பிரச்சினை இல்லை.

அடுத்து முள். இதற்கு ஜி.பி.எஸ். வேகம் தாராளமாகப் போதும், ஒரே வேகத்தில் பத்துப் பதினைந்து நொடி நிலையாக ஓட்டினால். வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ஜி.பி.எஸ். ஒன்றிரண்டு நொடி பின்தங்கியே வரும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே போனைப் பார்ப்பவருக்கு ஸ்பீடோமீட்டர் பிழையைவிடப் பெரிய பிழை காத்திருக்கிறது. 40, 60, 80, 100 என்று நான்கு இடத்தில் எடுங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் பிழை எந்த ரகம் என்று தெரியாது.

ரகம் முக்கியம். டயரால் வரும் பிழை சதவீதப் பிழை: 40-இல் 1.4 கிலோமீட்டர் என்றால் 80-இல் 2.8. வேகத்தோடு சேர்ந்து வளரும். 40-இலும் 4 கிலோமீட்டர் வித்தியாசம், 100-இலும் அதே 4 என்றால் அது டயர் வேலை இல்லை. யாரோ டாஷ்போர்டைக் கழற்றியபோது முள்ளைத் தண்டில் ஒரு கோடு தள்ளிச் செருகியிருப்பார்கள், அல்லது தயாரிப்பாளரே அப்படி வைத்திருப்பார். டயர் அளவை மாற்றி இதைச் சரிசெய்யப் பார்த்தால் ஒரு வேகத்தில் சரியாகும், மற்ற எல்லா வேகத்திலும் தப்பாகும், ஓடோமீட்டரும் சேர்ந்து கெடும்.

ஜி.பி.எஸ்.ஸே இல்லாத காலத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். இன்றைக்கும் அது செல்லும். 3600-ஐ ஒரு கிலோமீட்டர் கடக்க ஆன நொடியால் வகுத்தால் வேகம். 60 நொடி என்றால் 60, 45 நொடி என்றால் 80. கட்டைவிரல் அரை நொடி தாமதித்தாலே ஒரு சதவீதம் போய்விடும் என்பதால் ஐந்து கிலோமீட்டருக்கு எடுத்து ஐந்தால் வகுப்பது நல்லது.

டயர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்கிறது என்பதைத் தரையிலேயே அளந்துவிடலாம். இந்த எண் பிறகு கம்ப்யூட்டரில் கொடுக்கத் தேவைப்படும் என்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். வழக்கமாக எவ்வளவு பாரம் ஏற்றுவீர்களோ அதில் பாதியாவது இருக்கட்டும். பின் சக்கரத்தில், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. அதே நேர்க்கோட்டில் தரையில் ஒரு கோடு. கோட்டை ரிம்மில் போடாமல் டயரிலேயே போடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நியூட்ரலில், இரண்டு பேர் தள்ள வண்டியை மெல்ல உருட்டுங்கள். சாக்பீஸ் கோடு ஐந்து தடவை கீழே வந்து தரையைத் தொட்டதும் நிறுத்தி அங்கே தரையில் கோடு போடுங்கள். டேப்பால் அளந்து ஐந்தால் வகுங்கள். உங்கள் டயருக்கு 12.67 மீட்டர் பக்கத்தில் வரும், ஒரு சுற்றுக்கு 2.534 மீட்டர்.

இந்த 2.534-ஐப் பார்த்ததும் சிலருக்கு உறுத்தும். விட்டம் 830.8 மி.மீ., அதைப் பை என்ற 3.1416-ஆல் பெருக்கினால் 2.610 மீட்டர் அல்லவா வர வேண்டும்? பாரம் ஏறிய டயர் அடியில் சப்பளிந்து நிற்கிறது. உருளும்போது அதன் பயன்படு சுற்றளவு சும்மா நிற்கும் டயரின் சுற்றளவைவிடச் சுமார் 3 சதவீதம் குறைவு. ரேடியல் டயருக்கு விட்டத்தை 3.05-ஆல் பெருக்கினால் நடைமுறைக்கு நெருங்கிய எண் வரும். பழைய டயரையும் புது டயரையும் ஒப்பிடும்போது இந்த 3.05 இருபக்கமும் அடிபட்டுப் போகும், 1.035 மாறாது. ஆனால் ஒற்றை எண்ணாகக் கம்ப்யூட்டரில் தட்டும்போது பை போட்டவர் 3 சதவீதம் வழுக்கி விழுவார். இந்தக் குழியில் விழுந்தவர்கள் ஏராளம்.

இனி திருத்துவது. உங்கள் வண்டி எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்து வழி மாறும்.

புது வண்டிகளில் வேகம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சக்கர சென்சாரிலிருந்தோ கியர்பாக்ஸின் வெளித்தண்டு சென்சாரிலிருந்தோ வருகிறது. டயர் அளவு கம்ப்யூட்டரில் ஓர் எண்ணாக இருக்கிறது. 17 அங்குல ரிம் போட்ட பிக்கப் என்பதால் உங்களுடையதும் இந்த வகையாகத்தான் இருக்கும். சர்வீஸ் சென்டர் ஸ்கேனரிலோ, ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் கையடக்கக் கருவியிலோ அதை மாற்றலாம். சில கருவிகள் டயர் அளவைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லும், சில விட்டத்தைக் கேட்கும், சில சுற்றளவை, சில ஒரு கிலோமீட்டருக்கோ மைலுக்கோ எத்தனை சுற்று என்பதை. எதைக் கேட்டாலும் என் வழி ஒன்றுதான்: புது எண்ணைத் தட்டுவதற்கு முன், உள்ளே இருக்கும் பழைய எண்ணைப் படித்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுற்றளவு 2449 மி.மீ. என்று இருந்தால் அதை 1.035-ஆல் பெருக்கி 2535 கொடுங்கள். கிலோமீட்டருக்கு 408 சுற்று என்று இருந்தால் 1.035-ஆல் வகுத்து 394 கொடுங்கள். தயாரிப்பாளர் எந்த முறையில் கணக்குப் போட்டாரோ, பையோ 3.05-ஓ, அது பழைய எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் விகிதத்தை மட்டும் மாற்றுகிறீர்கள், தத்துவ விசாரணை தேவைப்படாது. எழுதி வைத்த தாள் இன்னொன்றுக்கும் உதவும்: ஏதாவது எக்குத்தப்பானால் திரும்பிப் போக வழி இருக்கும்.

கம்ப்யூட்டருக்கும் மீட்டருக்கும் நடுவே ஒயரை வெட்டி மாட்டும் துடிப்புத் திருத்திப் பெட்டிகளும் கிடைக்கின்றன. சென்சார் அனுப்பும் மின்துடிப்புகளை வாங்கி, சதவீதக் கணக்கில் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். கியர்பாக்ஸில் ஒற்றை சென்சார் வைத்த இடைக்கால வண்டிகளுக்கு நல்ல தீர்வு. அதிலும் எங்கே வெட்டுகிறீர்கள் என்பது பெரிய விஷயம். மீட்டருக்குப் போகும் ஒயரில் மட்டும் மாட்டினால் மீட்டர் திருந்தும், என்ஜின் கம்ப்யூட்டரும் கியர் மாற்றமும் பழைய பிழையிலேயே இருக்கும். சென்சாரிலிருந்து கிளம்பும் இடத்தில் மாட்டினால் எல்லாம் சேர்ந்து திருந்தும். ஏபிஎஸ் சக்கர சென்சார் ஒயரில் மட்டும் கை வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று பார்ப்பது அந்த ஒயர்தான்.

மீட்டரைக் கேபிள் சுற்றி ஓட்டும் பழைய வண்டிகள் தனி உலகம். கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம், பெரும்பாலும் பிளாஸ்டிக், சுற்றும். அதிலிருந்து கேபிள் டாஷ்போர்டுக்கு வரும். அங்கே கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம். சுழல் மின்னோட்டத்தால் கிண்ணம் இழுபட்டு, ஒரு மெல்லிய சுருள்வில்லை எதிர்த்துத் திரும்புகிறது. முள் அந்தக் கிண்ணத்தோடு ஒட்டியது. ஓடோமீட்டரோ அதே கேபிளிலிருந்து பல்சக்கரம் வழியாக நேராக ஓடுகிறது, வில்லும் இல்லை காந்தமும் இல்லை. அதனால் இங்கேயும் அதே விதி: ஓடோமீட்டர் தப்பினால் டயரிலோ பல்சக்கரத்திலோ கோளாறு, ஓடோமீட்டர் சரி, முள் மட்டும் தப்பு என்றால் வில்லோ காந்தமோ களைத்துவிட்டது. முள் துடிதுடித்தால் கேபிள் எங்கேயோ மடங்கியிருக்கிறது, அல்லது உறைக்குள் கிரீஸ் வற்றிவிட்டது.

டயர் மாறினால் அந்தச் சின்னப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். பெரிய டயர் என்றால் பல் குறைய வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், நானே ஒருமுறை தலைகீழாகப் போட்டிருக்கிறேன். 20 பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, "டயர் பெரிது, அதனால் பல்லும் பெரிது" என்று 21 போட்டேன். மூன்றரை சதவீதம் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் 8 சதவீதம் குறைவாகக் காட்டத் தொடங்கியது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் திடீரென்று மரியாதையாக இடைவெளி விட்டு வருவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெரிய டயரில் கிலோமீட்டருக்குத் தண்டு குறைவாகச் சுற்றுகிறது. அந்தக் குறைவை ஈடுகட்டக் கேபிள் வேகமாகச் சுற்ற வேண்டும். கேபிள் பக்கத்துச் சக்கரம் சிறியதாக இருந்தால்தான் வேகமாகச் சுற்றும். கணக்கு: பழைய பல் எண்ணிக்கையைப் பழைய விட்டத்தால் பெருக்கிப் புது விட்டத்தால் வகுக்க வேண்டும். 20 பல்லுக்கு 19.3 வருகிறது. 0.3 பல் யாரும் செய்வதில்லை. 19 போட்டால் மீட்டர் 1.7 சதவீதம் கூட்டிக் காட்டும். 20-லேயே விட்டால் 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும். கூட்டிக் காட்டுவதையே எடுங்கள். இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் கேபிளுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே திருகி மாட்டும் விகிதப் பெட்டி இருக்கிறது.

சிலர் பெரிய டயரோடு கிரவுன்-பினியனையும் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அச்சில் இருக்கும் பல்சக்கர ஜோடி) மாற்றுவார்கள், இழுவை குறைந்துவிட்டது என்று. அங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வேகம் எங்கிருந்து எண்ணப்படுகிறது? கியர்பாக்ஸிலிருந்து என்றால் அந்த ஜோடியின் விகிதம் 3.73-ஐ 4.10 ஆக்கியதும் மீட்டர் 9.9 சதவீதம் கூட்டிக் காட்டும். உங்கள் டயரின் குறைவைக் கழித்தால் மிச்சம் 6.2 சதவீதம் கூடுதல். திருத்தம் இப்போது எதிர்த் திசையில். சக்கரத்திலிருந்து எண்ணுகிற வண்டி என்றால் கிரவுன்-பினியன் மாற்றியது மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

கனரக டிரக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணிதம்தான், பொறுப்பு மட்டும் அதிகம். 295/80 ஆர் 22.5 டயரின் விட்டம் 1043.5 மி.மீ., 315/80 ஆர் 22.5-க்கு 1075.5. வித்தியாசம் 3.1 சதவீதம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 90-இல் பூட்டப்பட்ட வண்டி இந்த டயரோடு கிட்டத்தட்ட 93-இல் ஓடும், ஓட்டுநர் மீது ஒரு தப்பும் இல்லாமலே. வேகத்தையும் ஓட்டும் நேரத்தையும் பதிவு செய்யும் டேக்கோகிராஃப் உள்ள வண்டியில் கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற எண் உள்ளே பதிவாகி முத்திரை வைக்கப்பட்டிருக்கும். 8000 என்று இருந்தால் இந்த டயருக்கு 7762 ஆக வேண்டும். அதை நீங்களே மாற்றக் கூடாது. முத்திரையை உடைப்பது குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் சோதனை கட்டாயம், டயர் சுற்றளவு மாறினால் தவணைக்குக் காத்திராமல் உடனே. அமெரிக்காவில் வணிக டிரக்குகளுக்கு விதி கொஞ்சம் தாராளம்: மணிக்கு 50 மைல் வேகத்தில் 5 மைல் இப்படியோ அப்படியோ இருக்கலாம்.

கனரக டயரில் இன்னொரு வேடிக்கை. புதிதில் 20 மி.மீ. பள்ள ஆழம் இருக்கும் பின் டயர் 4 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டம் 32 மி.மீ. குறைகிறது. 1043.5-இல் அது 3.1 சதவீதம். 295-லிருந்து 315-க்குத் தாவியதால் வந்த அதே வித்தியாசம், சாலையில் சும்மா ஓடித் தேய்ந்தே வந்துவிடுகிறது. யாரும் மீட்டரைத் தொடவில்லை, அளவும் மாறவில்லை! உங்கள் பிக்கப்பில் 10 மி.மீ. ஆழம் 3 ஆகும்போது 1.7 சதவீதம். இதனால்தான் அரை சதவீதத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம் என்கிறேன். அதோடு, திருத்தத்தைப் புது டயரில் செய்யுங்கள். புதிதில் சரியாக வைத்தால் தேயத் தேய மீட்டர் கூட்டிக் காட்டும் பக்கம் நகரும், அது பாதுகாப்பான பக்கம். தேய்ந்த டயரில் சரியாக வைத்துவிட்டு மறுநாள் புது டயரோ புதிதாக ரீட்ரெட் செய்த (மேல் ரப்பரை மறுபடி ஒட்டிய) டயரோ மாட்டினால் முள் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

காற்றழுத்தத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுவார்கள். ரேடியலுக்குள் எஃகுப் பட்டை இருப்பதால் நாலைந்து பவுண்டு முன்னே பின்னே இருந்தாலும் சுற்றளவு பெரிதாக மாறாது. நைலான் டயர் அந்த அளவுக்கு உறுதி இல்லை; அதற்கு அழுத்தத்தைச் சரியாக வைத்துத்தான் அளக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியில் நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இன்னும் பழைய 265-ஆகவே இருந்தால் பஞ்சர் கடை வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 40 கிலோமீட்டர் ஓடி ஓடோமீட்டரைப் பாருங்கள். 38.6, 38.7 வந்தால் கம்ப்யூட்டரில் உள்ள எண்ணை 1.035-ஆல் திருத்துங்கள். திருத்தியதும் அதே 40 கிலோமீட்டரை இன்னொரு தடவை ஓட்டி 39.8-க்கும் 40.2-க்கும் நடுவே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வேலை முடிந்தது. அன்றைய ஓடோமீட்டர் எண்ணையும் தேதியையும் டயர் அளவையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பழைய டயர் கணக்கில் பெரிய டயரோடு ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு என்பது அடுத்த ஆயில் மாற்றத்துக்கும், வண்டியை விற்கும்போது நேர்மையாகச் சொல்லவும் தேவைப்படும்.

திரும்பி வரும் வழியில் பழக்கதோஷத்தில் முள்ளை 100-இல் வைத்து ஜி.பி.எஸ்.ஸைப் பார்ப்பீர்கள். அது 95 காட்டும். பழைய குருடி கதவைத் திறடி என்று நினைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு கருவி மாட்டியவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த 5 கிலோமீட்டர் ஷோரூமிலிருந்து வரும்போதே வண்டியோடு வந்தது.